பற்றறியை உயிர்ப்பித்த தூள்: 1953 ஆம் ஆண்டின் ஒரு விஞ்ஞான வழக்கு

ஓடாது நிற்கும் மோட்டார் வண்டியில் முதலிற் கெடுவது அதன் பற்றறியே. ஓரிரு திங்கள் கொட்டகையில் நின்ற வண்டியை மீண்டும் ஓட்டப் புகுவோர், திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் சுழலாது மெல்லியதோர் ஒலி மாத்திரம் எழுந்து அடங்கக் காண்பர். 'பற்றறி செத்துப்போயிற்று' என்பது வழக்கு. ஆயின் அவ்வாறு செத்ததாகக் கருதப்படும் பற்றறிகளுட் பல உண்மையிற் சாவதில்லை. பொறுமையோடு மின்னேற்றினால் மீள்கின்றன. வேறு சில என்ன செய்யினும் மீள்வதில்லை. எவை மீளும், எவை மீளா, மீண்டவை எதனால் மீண்டன என்னும் வினாக்கள் பற்றறிக் கடைக்காரருக்கு மாத்திரம் உரியன போலத் தோன்றலாம். எனினும் 1953 ஆம் ஆண்டிலே இவ்வினாக்கள் ஐக்கிய அமெரிக்காவின் அமைச்சர் ஒருவரைத் தலைகுனியச் செய்தன. புகழ்பெற்ற ஆய்வுகூடமொன்றின் தலைவரது பதவியைப் பறித்து மீளவும் கொடுத்தன. அரசியலில் தலையிடாதிருந்த விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கானோரை ஒரே குரலில் முறையிட வைத்தன. அவ்வரலாறு இந்நாளில் அதிகம் பேசப்படுவதில்லை. விஞ்ஞானம் பயில்வோரும் பயிற்றுவோரும் அதனை அறிந்திருத்தல் நன்று என்னும் கருத்தால் இங்கே எடுத்துரைக்கப் புகுந்தோம்.

வழக்கை விளங்கிக்கொள்வதற்குப் பற்றறியின் பிறப்பையும் இயல்பையும் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். ஈயச் சேமிப்புக்கலத்தை 1859 ஆம் ஆண்டிற் கண்டறிந்தவர் காஸ்ரன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு நாட்டுப் பௌதிக அறிஞர். இரண்டு ஈயத்தகடுகளை ஒன்றையொன்று தொடாவண்ணம் பிரித்துச் சுருளாகச் சுற்றி, ஐதான கந்தகவமிலத்தில் அமிழ்த்தி, அவற்றினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தினார். செலுத்திய மின்னின் ஒரு பகுதியைப் பின்னர் அத்தகடுகளிலிருந்து திரும்பப் பெறக்கூடியதாயிருந்தது. அடுத்த ஆண்டிலே ஒன்பது கலங்கள் கொண்ட அடுக்கொன்றைப் பாரிசு விஞ்ஞானக் கழகத்தார் முன்னிலையில் வைத்தார். மின்பிறப்பாக்கி பெருவழக்கிற்கு வராத காலம் அது. ஆதலின் சேமிப்புக்கலத்துக்கு மின்னேற்றுவதற்கே வேறு முதற்கலங்கள் வேண்டியிருந்தன. கடன் வாங்கிச் சேமித்து வைப்பவனுடைய நிலையே பிளாந்தேயின் நிலை. அன்றியும், தகடுகளைப் பக்குவப்படுத்துவதற்கு அவற்றை மின்னேற்றியும், ஓய்வில் விட்டும், திசைமாற்றி மீள மின்னேற்றியும் மாதக்கணக்காகப் பாடுபட வேண்டியிருந்தது.

இத்தாமதத்தை நீக்கியவர் கமீல் ஃபோர் என்பவர். தகட்டின் மேல் ஈயவொட்சைட்டைக் களிபோலக் குழைத்துப் பூசும் முறையை 1881 ஆம் ஆண்டை அண்டி அவர் புகுத்தவே, மாதக்கணக்கான வேலை சில நாள்களுள் அடங்கிற்று. அவ்வாண்டிலேயே பாரிசில் மின்னேற்றப்பட்ட நான்கு கலங்கள் பெட்டியொன்றில் இடப்பட்டுக் கிளாஸ்கோ நகரிலிருந்த வில்லியம் தொம்சனிடம் சென்று சேர்ந்தன. பிற்காலத்திலே கெல்வின் பிரபு என அழைக்கப்பட்ட அவ்வறிஞர், மின்சக்தியைப் பெட்டியில் வைத்து நாடு கடத்தலாம் என்பது கண்டு பெருமகிழ்ச்சி எய்தினார்.

கலத்தினுள்ளே நிகழ்வது யாது என்பதை 1882 ஆம் ஆண்டில் விளக்கியவர்கள் கிளாட்ஸ்ரன், றைப் என்னும் ஆங்கில இரசாயனவியலார் இருவர். மின்னேற்றிய நிலையில் ஒரு தகட்டில் ஈயவீரொட்சைட்டும் மற்றையதில் கடற்பஞ்சு போன்ற ஈயமும் உள்ளன. மின்னிறங்கும்பொழுது இரண்டும் அமிலத்தோடு சேர்ந்து ஈயசல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் குறைந்து நீர் மிகுகின்றது. மின்னேற்றும்பொழுது இவை யாவும் எதிர்த்திசையில் நிகழ்கின்றன. இதனாலேயே பற்றறியின் நிலையை அதன் அமிலத்தின் தன்னீர்ப்பைக் கொண்டு அறிய முடிகின்றது. நிறைய மின்னேற்றிய கலத்தில் நீரமானி ஏறக்குறைய 1.26 முதல் 1.28 வரை காட்டும். மின் முற்றும் இறங்கியதில் 1.15 இற்கும் கீழே தாழும். வெப்பநாடுகளிற் சற்று ஐதான அமிலம் வார்ப்பது வழக்கமாதலின் அங்கு இவ்வெண்கள் சிறிது குறைவாயிருக்கும்.

இனி நோயைப் பார்ப்போம். மின்னிறங்கும்பொழுது தோன்றும் ஈயசல்பேற்று மிக நுண்ணிய பளிங்குகளாய்த் தகடெங்கும் பரவியிருக்கும். உடனே மின்னேற்றினால் அவை எளிதிற் கரைந்து பழைய நிலைக்கு மீளும். கலத்தை அந்நிலையிலேயே வாரக்கணக்காக விட்டுவிட்டால், நுண்பளிங்குகள் மெல்லக் கரைந்து பெரும்பளிங்குகளின் மேற் படிந்து, அவை மேலும் பருத்து வன்மையடைகின்றன. பனங்கட்டிப் பானையை நாட்கணக்காகத் திறந்து வைத்தால் அடியில் கற்போல் இறுகுவதைக் கண்டோர்க்கு இது புதிதன்று. அவ்வாறு இறுகிய சல்பேற்று மின்னைக் கடத்தாது. அமிலமும் அதனுள் எளிதிற் புகாது. இதனையே பற்றறித் தொழிலார் 'சல்பேற்றுப் பிடித்தல்' என்பர்.

வண்டி ஓடாது நின்றாலும் மின் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய பற்றறிகளிலே தகட்டின் சட்டத்துக்கு உரமூட்டச் சேர்த்த அந்திமனி, தானே மின்னிறக்கத்தை விரைவுபடுத்தும் இயல்பினது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயருந்தோறும் இவ்விறக்கம் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே நிறுத்திவைத்த வண்டியின் பற்றறிக்கு இரண்டு கேடுகள் அடுத்தடுத்து நேர்கின்றன: முதலில் மின் இறங்குகின்றது, பின்னர் இறங்கிய நிலையிலே சல்பேற்று இறுகுகின்றது. முதலாவது நோயன்று, பசி மாத்திரமே. இரண்டாவதே நோய். அந்நோயும் தொடக்கத்திலாயின், மிகக் குறைந்த மின்னோட்டத்தை நெடுநேரம், சிலவேளை நாட்கணக்காக, செலுத்துவதால் பெரும்பாலும் தணிகின்றது. இவ்வுண்மையைப் படிப்போர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்வரும் வழக்கு முழுவதும் இதனையே அச்சாகக் கொண்டு சுழல்கின்றது.

தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கையாலே சுழற்றி இயக்கினர். அது வலிமை வேண்டிய வேலை. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கைமுறியும் ஆபத்தும் உண்டு. சார்ள்சு கெற்றரிங் என்பவர் அமைத்த மின்தொடக்கி 1912 ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளிற் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் ஒவ்வொரு வண்டியும் ஒரு பற்றறியைச் சுமந்தே திரிந்தது. வண்டி வைத்திருந்தோர் அனைவரும் பற்றறி வாங்குவோருமாயினர். பற்றறி விலையுயர்ந்த பொருள். அதன் ஆயுளோ சில ஆண்டுகளே. இரண்டுக்கும் இடையே மருந்து விற்போர் நுழைந்தனர். நீரில் இடும் பொடி, துளிதுளியாய் ஊற்றும் திரவம், இரகசியக் கூட்டுப்பொருள் என்று பலவகையானவை சந்தைக்கு வந்தன. ஒவ்வொன்றும் செத்த பற்றறியை எழுப்பும் என்றும், புதியதன் ஆயுளை இரட்டிக்கும் என்றும் கூறப்பட்டன.

இவற்றைச் சோதிக்கும் பணி ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகத்தைச் சார்ந்தது. 1901 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பணியகம் அளவைகளையும் நியமங்களையும் பேணுவதோடு அரசாங்கம் வாங்கும் பொருள்களையும் ஆராய்ந்தது. வர்த்தக அமைச்சின் கீழ் இயங்கிற்று. அங்கே பற்றறிப் பகுதியை நெடுங்காலம் நடத்தியவர் ஜோர்ச்சு வைனல். சேமிப்புக்கலங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகளைக் கண்டது. சேர்பொருள்களைப் பலகாற் சோதித்த பணியகத்தார், அவற்றால் ஒரு பயனும் இல்லை என்று 1931 ஆம் ஆண்டிற் சுற்றறிக்கை வெளியிட்டனர். பெயர் குறித்து எப்பொருளையும் பழிக்காது, பொதுப்படவே கூறினர். அஃது அவர்களுடைய மரபு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஒக்லாண்டு நகரிலே ஜெஸ் றிச்சி என்பவர் 'ஏடி-எக்ஸ் 2' என்னும் தூளை விற்கத் தொடங்கினார். அவர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவரல்லர், மண்வாரும் பொறிகளை இயக்கிய தொழிலாளி, தன்முயற்சியால் முன்னேறியவர், எதிரிகளை அஞ்சாதவர், கேட்போர் மனத்தைக் கவரும் பேச்சாளர். அவருக்குத் துணை நின்றவர் மேர்ள் ரண்டல். இவர் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியராயிருந்து இளைப்பாறியவர், ஜி. என். லூயிசு என்னும் பேரறிஞரோடு சேர்ந்து 1923 இல் வெப்பவியக்கவியல் நூலொன்றை இயற்றியவர். அந்நூல் உலகெங்கும் ஒரு தலைமுறை மாணவர்க்குப் பாடநூலாயிருந்தது. இத்தகையவர் 1950 இற் காலமாகும்வரை அத்தூளுக்கு ஆதரவு நல்கியமையால், அதனை வெறும் வீதியோர மருந்தென்று ஒதுக்கிவிடுதல் எளிதன்று.

தூளிற் பெரும்பகுதி சோடியஞ்சல்பேற்றும் மகனீசியஞ்சல்பேற்றுமே. முன்னையது குளோபர் உப்பு. பின்னையது எப்சம் உப்பு. இரண்டும் பேதிக்குக் கொடுக்கும் மருந்துகள் என்பது நம் வீடுகளிற் பலர் அறிந்ததே. இவை புதியனவல்ல, முன்னரும் பலர் இவ்வுப்புகளை வேறு வேறு பெயரில் விற்றுள்ளனர். தாம் சேர்க்கும் முறையிலும் விகிதத்திலுமே புதுமை உள்ளது என்பது றிச்சியின் வாதம்.

பணியகம் தன் முடிவை மாற்றவில்லை. 1950 ஆம் ஆண்டில், வணிக நேர்மையைக் கண்காணிக்கும் தனியார் சங்கமொன்று ஏடி-எக்ஸ் 2 ஏனைய சேர்பொருள்களின் வேறானதன்று என்று பணியகத்தின் பெயரால் வெளிப்படையாகக் கூறிற்று. தன் மரபை மீறிப் பணியகம் ஒரு பொருளைப் பெயர் சுட்ட இடங்கொடுத்தது இங்கேதான். அது நேர்மைக் குறைவால் நிகழ்ந்ததென்று நாம் கருதவில்லை. ஆயினும் முறைதவறியது என்றே சொல்லவேண்டும். றிச்சிக்கு அது நல்லதோர் ஆயுதமாயிற்று. பெரும் பற்றறி உற்பத்தியாளர்கள் புதிய பற்றறி விற்க விரும்புவதால் பழையதை உயிர்ப்பிக்கும் தம் தூளைக் கெடுக்கின்றனர் என்றும், பணியகமும் அவர்களோடு கூடிவிட்டது என்றும் அவர் நாடெங்கும் முறையிட்டார். செனற்றர் பலருக்குக் கடிதங்கள் சென்றன. சிறுதொழில்களைக் காக்கும் செனற்றுக் குழுவும் இதில் ஈடுபட்டது. பணியகம் 1951 சனவரியில் மற்றுமொரு சுற்றறிக்கை வெளியிட்டுத் தன் நிலையை மீண்டும் உரைத்தது.

றிச்சியின் பக்கத்தில் வலிமையான சான்றொன்று இருந்தது. அது வாடிக்கையாளர்களின் சாட்சியம். வண்டித் தொகுதிகளை வைத்திருந்த கம்பனிகளும் பொறிவல்லாரும் வேறு பலரும், தூளை இட்டபின் தம் செத்த பற்றறிகள் உயிர்பெற்றன என்று எழுதிக்கொடுத்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நாம் நம்புகின்றோம். பற்றறிகள் உண்மையிலே உயிர்பெற்றன.

ஆனால் எதனால்? தூளை இடுவோர் செய்யவேண்டியவை பற்றி றிச்சி அறிவுறுத்தல் கொடுத்திருந்தார். அவற்றுள் முதன்மையானது, தூளை இட்டபின் பற்றறியை மெதுவாக, நெடுநேரம் மின்னேற்றவேண்டும் என்பது. முன்னர் நாம் கூறியதை இங்கு நினைவுகூர்க. நெடுநாள் நின்றதால் மின்னிறங்கிய பற்றறியை மெதுவாக நெடுநேரம் மின்னேற்றினால், தூள் இட்டாலும் இடாவிட்டாலும் அது பெரும்பாலும் மீளும். வண்டியின் சொந்தக்காரர் தம்மிடமிருந்த ஒரே பற்றறியில் தூளை இட்டார், அது மீண்டது, ஆகவே தூள் மீட்டது என்றார். தூள் இடாத மற்றொரு பற்றறியை அதனருகே வைத்து அதே முறையில் மின்னேற்றிப் பார்த்தவர் அவர்களுள் எத்துணைப் பேர்? நம்மூர்களிலே மின்சூளின் பற்றறியை வெயிலில் வைத்து எடுத்து, 'வெயில் ஏறியதால் மின் ஏறியது' என்போர் இருந்ததை ஒப்புநோக்கலாம். ஓய்வில் விட்ட உலர்கலம் சிறிது தெளிவது இயல்பு. சூடும் சற்றுத் துணைசெய்யும். ஆயின் மின் ஒரு துளியும் ஏறுவதில்லை.

ஒப்புநோக்கற் சோதனையின் தேவை இதுவே. பணியகத்தார் தூள் இட்ட கலங்களையும் இடாத கலங்களையும் அருகருகே வைத்து, இரண்டையும் ஒரே வகையில் நடத்தி, எவற்றுக்குத் தூள் இடுவது என்பதைக் குலுக்கலுக்கு விட்டு, விளைவைக் கணித்தனர். 1952 யூனில் நடந்த சோதனையில் றிச்சியையும் பங்குகொள்ள அழைத்தனர். இரு வகைகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. றிச்சி இம்முடிவை ஏற்கவில்லை. தம் அறிவுறுத்தல்கள் சரிவரப் பின்பற்றப்படவில்லை என்றார்.

அதேயாண்டில் வழக்கைச் சிக்கலாக்கிய மற்றொன்றும் நிகழ்ந்தது. செனற்றுக் குழுவின் வேண்டுகோளுக்கிணங்க மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரியார் தாமும் சோதனை நடத்தினர். தூள் இட்ட கலங்களிற் சில வேறுபாடுகள் தோன்றியதாக அவர்கள் அறிக்கையில் இருந்தது. இதனைக் குழுவின் ஆலோசகராயிருந்த இரசாயனவியலார் ஒருவர் றிச்சிக்குச் சார்பானதென்று விளக்கவே, 'விஞ்ஞானிகளே முரண்படுகின்றனர்' என்ற பேச்சு எழுந்தது. கல்லூரியார் கலங்களை வைத்துப் பார்த்த நிலைமைகள் வண்டியில் ஓடும் பற்றறியின் நிலைமைகளிலிருந்து வேறானவை என்பதைப் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பது கடினமாயிருந்தது. ஆய்வுகூடத்தில் ஒரு வேறுபாடு காணப்படுவதும், அவ்வேறுபாட்டாற் பயன் விளைவதும் ஒன்றல்ல. நுண்ணிய இவ்வேறுபாடு செய்தித்தாள்களின் தலைப்புகளுள் அடங்குவதன்று.

1953 சனவரியில் ஐசனோவர் குடியரசுத் தலைவரானார். வர்த்தக அமைச்சராக வந்தவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தொழிலதிபர் சின்கிளயர் வீக்ஸ். அவருக்குத் துணையமைச்சராயிருந்தவர், நம் மாணவர் பலரும் சட்டைப்பையிற் செருகித் திரிந்த பேனாவுக்குப் பெயர் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்த கிரேக் சேவர். சிறுதொழில் செய்வோரை அரசாங்க அலுவலர்கள் துன்புறுத்துகின்றனர் என்னும் எண்ணம் இவர்களிடையே நிலவியது. அவ்வாண்டு பெப்ருவரியில் தபாற் பகுதியார் ஏடி-எக்ஸ் 2 இனைத் தபால்மூலம் விற்பதை மோசடியெனத் தடைசெய்தனர். வீக்ஸ் தலையிட்டதனால் அத்தடை சின்னாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அதன்பின் மார்ச்சு மாதத்திலே, பணியகத் தலைவர் அலன் அஸ்ரின் பதவி விலகவேண்டுமென்று கேட்கப்பட்டார்.

அஸ்ரின் பௌதிகவியலார், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பணியகத்திலேயே உழைத்துப் படிப்படியாக உயர்ந்தவர், எந்தக் கட்சியையும் சாராதவர். அவர்மீது வேறு குற்றம் சாட்டப்படவில்லை. செனற்றுக் குழுவின் முன் வீக்ஸ் கொடுத்த விளக்கத்தின் சாரம், பணியகத்தார் சந்தையின் தீர்ப்பை அறவே புறக்கணிக்கின்றனர். ஆதலின் போதிய நடுநிலை உடையவரல்லர் என்பதாகும். வாங்கியவன் திருப்தியுற்றான் என்றால், பொருள் நல்லதோ தீயதோ என்று தீர்ப்பளிக்க அரசாங்க ஆய்வுகூடத்துக்கு என்ன உரிமை என்பதே அவர் கேள்வி.

இக்கேள்வியை ஏளனஞ்செய்து விடுதல் முறையன்று. உண்ணும் பண்டம், உடுக்கும் துணி ஆகியவற்றில் வாங்குவோனே சிறந்த நீதிபதி. சுவை நன்றா அன்றா என்பதை நாக்கே அறியும்; அங்கே ஆய்வுகூடத்துக்கு வேலையில்லை. பற்றறி அத்தகையதன்று. அதனுள் நிகழ்வதை வாங்குவோன் காண்பதில்லை. தூள் இடாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதையும் அவன் காண்பதில்லை. அவனுடைய திருப்தி உண்மையானது. அவன் கூறும் காரணமோ ஊகம். மருந்துகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது விளங்கும். தானே தீரும் காய்ச்சலுக்கு எதைக் கொடுத்தாலும் அது கைகண்ட மருந்தாகிவிடும்.

அஸ்ரின் நீக்கப்பட்ட செய்தி வெளியானதும் எழுந்த எதிர்ப்பை வீக்ஸ் எதிர்பார்த்திருக்கமாட்டார். பணியகத்து விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கானோர் தாமும் விலகுவதாகக் கூறினர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. நாடெங்கிலுமுள்ள விஞ்ஞானச் சங்கங்கள் கண்டனம் தெரிவித்தன. அக்காலம் அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நற்காலமன்று என்பதையும் நினைத்தல் வேண்டும். அஸ்ரினுக்கு முன் பணியகத்தை நடத்திய எட்வேட் கொண்டன், அரசியற் சந்தேகங்களால் ஆண்டுக்கணக்காகத் துன்புறுத்தப்பட்டு, 1951 இற் பதவியை விட்டுச் சென்றிருந்தார். அடுத்தவரும் ஒரு தூளுக்காகத் துரத்தப்படுவது பலருக்குப் பொறுக்கவில்லை. பேசப்பட்டது பற்றறியைப் பற்றியே எனினும், சோதனையின் முடிவு அமைச்சருக்குப் பிடிக்காவிட்டால் சோதித்தவர் தலை உருளுமா என்பதே உள்ளிருந்த வினா.

ஏப்பிரில் நடுப்பகுதியில் வீக்ஸ் ஓரளவு இறங்கிவந்தார். தேசிய விஞ்ஞானக் கழகம் குழுவொன்றை அமைத்துத் தூளை ஆராயும் வரை அஸ்ரின் பதவியில் இருக்கலாம் என்றார். ஓகஸ்டில், முடிவு வருமுன்னரே, அஸ்ரின் நிலையாகத் தொடர்வார் என அறிவிக்கப்பட்டது. சே ஜெஃப்ரிஸ் என்னும் உலோகவியலார் தலைமையில் அமைந்த குழு, சான்றுகள் யாவற்றையும் ஆராய்ந்து அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் அறிக்கை தந்தது. பணியகத்தின் வேலை சிறப்பானது என்றும், தூளாற் பயனில்லை என்னும் அதன் நிலைப்பாட்டுக்குப் போதிய சான்று உண்டு என்றும் குழு கூறிற்று.

வழக்கு இத்தோடு முடிந்ததென்று பல நூல்கள் எழுதி நிறுத்துகின்றன. உண்மையில் முடியவில்லை. றிச்சி தூளை விற்றுக்கொண்டேயிருந்தார். கூட்டாட்சி வணிக ஆணைக்குழு அவர்மீது பொய் விளம்பரக் குற்றஞ்சாட்டி 1954 இல் வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளரின் சாட்சியம் அங்கே மீண்டும் அரங்கேறிற்று. 1956 இல் ஆணைக்குழு தன் குற்றச்சாட்டையே தள்ளுபடி செய்தது. தூள் பயனுடையது என்று அது கூறவில்லை. விளம்பரம் பொய்யென்பது சட்டம் வேண்டும் அளவுக்கு நிறுவப்படவில்லை என்றே கூறிற்று. இரசாயனத்தில் தோற்றவர் சட்டத்தில் தோற்கவில்லை. விஞ்ஞானக் குழுவும் நீதிக்குழுவும் ஒரே சான்றுகளை நோக்கியும் வேறுவேறு முடிவுக்கு வந்தமைக்குக் காரணம், ஒன்று தூளால் என்ன விளைந்தது என்று கேட்டது. மற்றையது குற்றஞ்சாட்டியவர் தம் பொறுப்பை நிறைவேற்றினரா என்று கேட்டது.

சோடியஞ்சல்பேற்றுக்கு நியாயம் வழங்குவதாயின் இன்னுமொன்று கூறவேண்டும். மின் முற்றும் இறங்கிய கலத்தில் அமிலம் மிக ஐதாகும்பொழுது ஈயசல்பேற்றுக் கூடுதலாகக் கரைந்து, பின்னர் மின்னேற்றுங்கால் ஈயம் இழைகளாக வளர்ந்து இரு தகடுகளையும் இணைத்துவிடும் ஆபத்து உண்டு. கரைசலில் வேறு சல்பேற்று இருந்தால் அக்கரைவு குறையும். இதன்பொருட்டு இக்காலத்து உற்பத்தியாளர் சிலர் புதிய பற்றறிகளைச் செய்யும்பொழுதே சிறிதளவு சோடியஞ்சல்பேற்றைச் சேர்க்கின்றனர். அஃது ஒரு கேட்டை வராது தடுக்கும் வழி. இறுகிப்போன சல்பேற்றைக் கரைக்கும் ஆற்றல் அதற்கில்லை.

அஸ்ரின் 1969 வரை பணியகத்தை நடத்தினார். பணியகமோ 1988 இல் நியமங்களுக்கும் தொழினுட்பத்துக்குமான தேசிய நிறுவகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. பற்றறியும் மாறிவிட்டது. அந்திமனிக்குப் பதிலாகக் கல்சியம் சேர்த்த சட்டங்கள் வந்தபின் தானே மின்னிறங்குவது பெரிதும் குறைந்தது. ஆயின் இன்றைய வண்டியிலுள்ள கடிகாரம், எச்சரிக்கைப் பொறி, கணினி ஆகியவை வண்டி நின்றாலும் மின்னை உறிஞ்சிக்கொண்டேயிருப்பதால், நிறுத்திய வண்டியின் பற்றறி இன்றும் இறங்கத்தான் செய்கின்றது. 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கிலும், நம் நாட்டில் எரிபொருள் கிடையாது வண்டிகள் முடங்கிய 2022 ஆம் ஆண்டிலும் இதனைப் பலர் அனுபவித்தனர். பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றறி ஓய்விலிருக்கும்பொழுது 12.6 காட்டினால் நிறைவு, 12.2 அளவில் ஏறத்தாழப் பாதி. 12 இற்குக் கீழே தாழ்ந்து பலநாள் கிடந்ததாயின் சல்பேற்று இறுகத் தொடங்கியிருக்கும். அந்நிலையிலும் சிறிய மின்னோட்டத்தால் ஓரிரு நாள் மின்னேற்றி, சில மணிநேரம் ஓய்வில் விட்டு, பின்னர் சுமையேற்றிச் சோதித்த பின்னரே அது மீளுமா மீளாதா என்று சொல்ல இயலும்.